மழைக்காலத்தில் ஊமையான வைப்ரேட்டோ: ஒரு வால்வு ஆம்ப் பற்றிய நிகழ்வு ஆய்வு

வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு டிசம்பர் மாத சனிக்கிழமை மாலையில், உட்லண்ட்ஸில் வசிக்கும் என் அக்கா மகன் ஒரு கிட்டார் ஆம்பை (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை)த் தள்ளுவண்டியில் ஏற்றி, அதன்மேல் கறுப்புக் குப்பைப் பை ஒன்றைப் போர்த்தி, அங் மோ கியோவில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே அவனுக்குக் கட்டிக் கொடுத்த ஆம்ப் அது. ஃபெண்டர் நிறுவனம் 1960களின் நடுப்பகுதியில் வெளியிட்ட கறுப்பு முகப்பு ஆம்ப்களின் ஏபி763 சுற்றைப் பின்பற்றியது. ஒலிபெருக்கியை இயக்கும் இரண்டு 6வி6 வெளியீட்டு வால்வுகள் (கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்), 22 வாட், எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், ஒலியை நடுங்கச் செய்யும் வைப்ரேட்டோ ஆகியவற்றைக் கொண்டது. மின்மாற்றியை மட்டும் நம் ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்றதாக வாங்கியிருந்தேன்.

“மாமா, வைப்ரேட்டோ சில நாள் வருது, சில நாள் வரவே மாட்டேங்குது. வந்துட்டா நல்லாத்தான் வருது,” என்றான். வார இறுதிகளில் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிப்பவன். பழைய பாடல்களின் இடையிசைக்கு அந்த நடுக்கம் இல்லாமல் அவனுக்கு முடியாது. பழுது பார்ப்பவனுக்கு இதைவிடத் தொல்லை தரும் புகார் வேறில்லை. எப்போதும் கெட்டுக் கிடக்கும் கருவியை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அவ்வப்போது கெடும் கருவியோ வைத்தியர் வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தையைப் போன்றது.

பெயரும் பொருளும்

பழுதுக்குள் போகுமுன் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வைப்ரேட்டோ என்பது சுருதி மேலும் கீழும் ஆடுவது; வீணையில் ஒரு சுரத்தை அசைத்துப் பிடிக்கும் கம்பிதம் அந்த வகையைச் சேர்ந்தது. ட்ரெமோலோ என்பது சுருதி அசையாமல் ஒலியின் அளவு மட்டும் கூடிக் குறைவது. ஃபெண்டர் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை வளைக்கும் கைப்பிடிக்கு ட்ரெமோலோ என்று பெயர் சூட்டியது. ஒலியளவை ஆட்டும் ஆம்ப் சுற்றுக்கோ பின்னாளில் வைப்ரேட்டோ என்று பெயர் எழுதியது. இரண்டும் தலைகீழ். 1955-இல் வந்த அதன் முதல் ட்ரெமோலோ ஆம்புக்கு ட்ரெமோலக்ஸ் என்று சரியாகவே பெயரிட்டவர்கள், மறுஆண்டே வைப்ரோலக்ஸ் என்று தடம் மாறினார்கள். இக்கட்டுரையில் முகப்பில் எழுதியிருக்கும் பெயரையே நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்த ஆம்பில் ஆடுவது ஒலியளவுதான்.

ஆட்டம் எங்கிருந்து பிறக்கிறது என்பதுதான் இந்த நிகழ்வின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வின் கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள் இருக்கின்றன. எலக்ட்ரான்கள் புறப்படும் கேத்தோடு, அவை போய்ச் சேரும் பிளேட், நடுவில் நின்று அவற்றைக் கட்டுப்படுத்தும் கிரிட் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு டிரையோடு. முதல் பாதி ஆசிலேட்டர், அதாவது தானாகவே அலையை உண்டாக்கும் சுற்று. அதன் பிளேட்டில் வரும் அலை மூன்று கெப்பாசிட்டர்கள், மூன்று ரெசிஸ்டர்கள் கொண்ட ஏணியின் வழியே மீண்டும் அதே வால்வின் கிரிட்டுக்குத் திரும்புகிறது. வால்வு அலையைத் தலைகீழாக்குகிறது, அதாவது 180 பாகை திருப்புகிறது. ஏணியின் மூன்று படிகளும் சேர்ந்து மேலும் 180 பாகை திருப்பும் அதிர்வெண் எதுவோ, அந்த ஒன்றில் மட்டும் திரும்பி வரும் அலை தன்னைத்தானே தூக்கிவிட்டுக்கொள்கிறது. மூன்று படிகளிலும் 0.01 மைக்ரோஃபாரட், 1 மெகா ஓம் என்று வைத்தால் அந்த அதிர்வெண் 6.5 ஹெர்ட்ஸ். ஆனால் ஏணியில் ஏறி இறங்கும் அலை 29-இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டும் பெருக்கம் வால்வில் இருந்தால்தான் ஆட்டம் நீடிக்கும்.

நான் கட்டியதில் வேகக் குமிழ் முதல் படியின் ரெசிஸ்டராக அமைந்திருக்கிறது. ஒரு முனையில் 100 கிலோ ஓம், மறு முனையில் ஏறத்தாழ 3 மெகா ஓம். ஒரு படியை மட்டும் மாற்றும்போது மூன்று படிகளுக்கும் இடையே இருந்த சமநிலை குலைந்து இழப்பு கூடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரு முனைகளிலும் இழப்பு 47 மடங்கு என்ற ஒரே விடை வருவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். மெதுவான முனையில் 4 ஹெர்ட்ஸ், வேகமான முனையில் 13 ஹெர்ட்ஸ். 220 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டருடன் நல்ல 12ஏஎக்ஸ்7 ஒன்று ஏறத்தாழ 70 மடங்கு பெருக்கும். ஆக, 47-க்கும் 70-க்கும் இடையில் உள்ள அந்தச் சிறிய மிச்சத்தில்தான் முழுச் சுற்றும் உயிர் வாழ்கிறது. வேகமான முனையில் 100 கிலோ ஓம் பிளேட்டையே பாரமாக இழுப்பதால் அங்கே மிச்சம் இன்னும் குறைவு. இந்த எண்களைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

வால்வின் இரண்டாம் பாதி ஒரு சிறு நியான் விளக்கை எரித்து அணைக்கிறது. வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரின் கைப்பிடிக்குள் இருக்கும் அதே வகை விளக்கு. அதன் எதிரே, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் எல்டிஆர் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கறுப்பு உறைக்குள் அடைத்திருப்பார்கள். விளக்கு எரியும்போது எல்டிஆர் கிட்டார் ஒலியின் ஒரு பகுதியை 50 கிலோ ஓம் அளவுக் குமிழ் வழியாகத் தரைக்குக் கடத்திவிடுகிறது, அணையும்போது விட்டுவிடுகிறது. நியான் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டில் சட்டென்று பற்றி, அதைவிடக் குறைந்த வோல்ட்டில் அணைகிறது. எல்டிஆரோ வெளிச்சம் பட்டவுடன் விரைவாக இறங்கி, இருளில் தயங்கித் தயங்கி ஏறுகிறது. இந்த இரண்டின் குணமும் சேர்ந்துதான் கறுப்பு முகப்பு ஆம்புக்கு அந்தத் துடிப்பு மிக்க, சற்றே வெட்டுவது போன்ற நடுக்கத்தைத் தருகின்றன. வெளியீட்டு வால்வின் பயாஸையே (அதன் கிரிட்டில் நிற்கும் நிலையான வோல்ட்டையே) ஆட்டும் பிரின்ஸ்டன் ஆம்பில் நடுக்கம் இதைவிட வழவழப்பாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். அக்கா மகனுக்கு இது.

முதல் இரண்டு வாரங்கள்

அன்று மாலை என் மேசையில் ஆம்பைப் போட்டதும் முதலில் கால் சுவிட்சைச் சோதித்தேன். இந்தச் சுற்றில் ஆசிலேட்டரின் கிரிட்டை எதிர்மின் அழுத்தம் ஒன்று அடக்கி வைத்திருக்கிறது. கால் சுவிட்ச் அதைத் தரையோடு இணைத்தால்தான் ஆட்டம் தொடங்கும். சுவிட்சையே செருகாமல் “வைப்ரேட்டோ வேலை செய்யவில்லை” என்று கொண்டுவந்த ஆம்ப்கள் இரண்டை முன்பு பார்த்திருக்கிறேன். இங்கே சுவிட்சும் சரி, அதன் கம்பியும் சரி. ஆம்ப் முக்கால் மணி நேரம் ஊமையாக இருந்தது. நான் திருப்புளியை எடுக்கும் நேரம் பார்த்துத் துடிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு இரவு 11 மணி வரை நிற்கவே இல்லை.

ஆம்பை விட்டுச் செல்லச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை போட்டவுடன் அளந்தேன். மெதுவாக ஆடும் சுற்றுகளுக்கு நான் முள் மீட்டரையே நம்புகிறேன். ஆட்டம் இருந்தால் முள் ஆடும், இல்லாவிட்டால் நிற்கும், அலைகாட்டி தேவையில்லை. 2017 ஜூலையில் மூடப்படுவதற்கு முன்பு சுங்கை ரோடு சந்தையில் வாங்கிய மீட்டர் அது. ஆசிலேட்டர் பிளேட்டில் முள் அசையாமல் 77 வோல்ட்டில் நின்றது. 330 வோல்ட் வரும் இடத்திலிருந்து பார்த்தால் அங்கே 190-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். ஆகவே நியான் விளக்கு மீது சந்தேகம் இல்லை. முழு இருளில் நியான் பற்றுவதற்குக் கூடுதல் வோல்ட் கேட்கும் என்பதால் உறைக்குள் அடைபட்ட விளக்கையும் ஒரு கணம் நினைத்திருந்தேன். ஆசிலேட்டரே செத்துக் கிடக்கும்போது விளக்கைக் குறை சொல்ல முடியாது.

அடுத்துக் கிரிட்டை அளந்தேன். இங்கேதான் தவறினேன். முள் மீட்டரை 2.5 வோல்ட் அளவுக்கு மாற்றி முனையை வைத்தேன். முள் பூச்சியத்தை விட்டு ஒரு மயிரிழைதான் நகர்ந்தது. கிரிட் சுத்தம் என்று எழுதிவைத்தேன். கிரிட் சரியாக இருந்தும் பிளேட் தாழ்ந்திருந்தால் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது என்று பொருள், வால்வை மாற்றினேன். மாற்றமில்லை. கேத்தோடு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன்; இரண்டும் நலம். ஏணியின் கெப்பாசிட்டர்களில் ஒன்று கசியலாம் என்று எண்ணி, சிம் லிம் டவருக்குப் போய் 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர்கள் மூன்று வாங்கி, மூன்றையும் மாற்றிப் பற்றவைத்தேன். ஆம்பைப் போட்டேன். உடனே துடித்தது. மறுநாளும் துடித்தது. வெற்றி என்று நினைத்து உட்லண்ட்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.

ஆறாம் நாள் கைத்தொலைபேசியில் செய்தி வந்தது: “மாமா, திரும்பவும் நின்னுடுச்சு.” அதோடு அவன் ஒரு நல்ல வேலையும் செய்திருந்தான். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், போட்ட எத்தனை நிமிடத்தில் ஆட்டம் வந்தது என்று பதினொரு வரிகள் எழுதி அனுப்பியிருந்தான். குளிரூட்டப்பட்ட பயிற்சி ஸ்டூடியோவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. வீட்டில் பிற்பகலில் வாசித்தால் பெரும்பாலும் வந்தது. இரவிலும் காலையிலும், அதுவும் மழை நாளில், நாற்பது, ஐம்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆம்ப் அவன் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் கழிகள் நீட்டியிருக்கும் சன்னலுக்குக் கீழே என்றான்.

பலகையின் மேல் வோல்ட்

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலுக்கு முன் 90-ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60-ஐ ஒட்டி இறங்கும். அடைமழையில் 100-ஐத் தொடும். அவனுடைய பதினொரு வரிகளும் இந்த ஏற்ற இறக்கத்தோடு அப்படியே பொருந்தின. ஒலிபெருக்கியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போ வகை ஆம்பில் வால்வுகள் தலைகீழாகத் தொங்குகின்றன, சுற்றைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸ் அவற்றுக்கு மேலே இருக்கிறது. ஆகவே வால்வின் சூடு ஏறி, உள்ளே பாகங்களைப் பற்றவைத்திருக்கும் பலகையை மெல்ல உலர்த்த நாற்பது நிமிடம் ஆவதும் புரிந்தது. கெப்பாசிட்டர் மாற்றியபோது கிடைத்த வெற்றியின் காரணமும் தெரிந்தது: பற்றவைப்பானின் சூடும் என் அறையின் குளிரூட்டியும் சேர்ந்து பலகையைக் காயவைத்திருக்கின்றன. நான் மாற்றிய பொருள்களில் எதுவும் கெட்டிருக்கவில்லை.

பழைய முறையை அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற ஆசையில் நான் இந்த ஆம்பைக் கறுப்பு ஃபைபர் பலகையில் கட்டியிருந்தேன். பருத்தித் தாளைத் துத்தநாகக் குளோரைடில் பதப்படுத்தி அழுத்திச் செய்யும் பலகை அது. இயல்பிலேயே நீரை உறிஞ்சும். அதனால்தான் அதை மெழுகில் தோய்த்துத் தருகிறார்கள். நான் செய்த பிழை, மெழுகு தோய்த்த பலகையை வாங்கி, பாகங்களைப் பற்றவைக்கும் பித்தளை வளையங்களான ஐலெட்டுகளுக்குத் துளைகளை என் கையால் போட்டது. ஒவ்வொரு துளையின் உள்விளிம்பிலும் மெழுகு படாத நார் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஆறு பத்தாண்டுகள் கடந்த அசல் ஆம்ப்களிலும் இதே நோய் உண்டு என்பது பழுது பார்ப்பவர்களுக்குத் தெரிந்த செய்திதான். நான்கே ஆண்டில் என் வேலைக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சேசிஸை வெளியே எடுத்து, ஒரு மழை இரவு முழுவதும் என் வீட்டுப் பின்கட்டு சன்னலருகே வைத்தேன். காலை ஆறரை மணிக்கு மின்சாரம் கொடுத்து, இம்முறை 10 மெகா ஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மீட்டரால் அளந்தேன். கறுப்பு முனை சேசிஸில். சிவப்பு முனை ஐலெட்டிலோ கம்பியிலோ அல்லாமல், கிரிட் ஐலெட்டிலிருந்து அரை விரல் அகலம் தள்ளி, வெற்றுப் பலகையின் மேல். எதுவும் இல்லாத அந்தக் கறுப்புப் பரப்பில் மீட்டர் 14 வோல்ட் காட்டியது. முனையை 330 வோல்ட் ஐலெட்டை நோக்கி நகர்த்த நகர்த்த எண் ஏறியது. ஹேர் டிரையரை எடுத்துப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான காற்றை ஊதினேன். 14 மெல்ல 1-க்குக் கீழே இறங்கியது, ஏழாம் நிமிடத்தில் எங்கோ நடுவில் நியான் விளக்கு உறைக்குள் துடிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பெட்டிக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். அவற்றை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, வடிந்ததை மீட்டரால் உறுதிசெய்த பிறகே விரலை உள்ளே விட வேண்டும். சூடாக அளக்கும்போது ஒரு கை சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

இப்போது கணக்கு. உலராத நிலையில் டிஜிட்டல் மீட்டர் கிரிட்டில் 2.9 வோல்ட் காட்டியது, கேத்தோடில் 3.1. கிரிட்டுக்கும் தரைக்கும் இடையில் இருப்பது 1 மெகா ஓம். மீட்டரின் 10 மெகா ஓமையும் இணையாகச் சேர்த்தால் 0.91. அதில் 2.9 வோல்ட் எழ 3.2 மைக்ரோ ஆம்பியர் போதும். 330 வோல்ட் ஐலெட்டிலிருந்து அவ்வளவு மின்னோட்டம் வர, இடையில் உள்ள பலகையின் மின்தடை ஏறத்தாழ 100 மெகா ஓமாக இருந்தால் போதும். சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் 100 மெகா ஓம் என்பது திறந்த சுற்று. எவ்வளவு தேடினாலும் அகப்படாது.

கிரிட் 2.9, கேத்தோடு 3.1 என்றால் கிரிட் கேத்தோடைவிட 0.2 வோல்ட் மட்டுமே தாழ்ந்திருக்கிறது. 12ஏஎக்ஸ்7-இல் அந்த நெருக்கத்தில் கிரிட்டே மின்னோட்டம் வாங்கத் தொடங்கிவிடும். ஏணியின் கடைசிப் படியில் 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில், வால்வு தன் கிரிட்டால் அதைவிட மிகச் சிறிய தடையை இணையாக வைத்துவிடுகிறது. கடைசிப் படி 100 கிலோ ஓமுக்கு இறங்கினால் ஏணியின் இழப்பு 29-இலிருந்து 134 மடங்காகிவிடும். 70 மடங்கு பெருக்கும் வால்வால் 134-ஐ ஈடுகட்ட முடியாது. வேகக் குமிழ் எங்கே நின்றாலும் ஆட்டம் வராததன் காரணம் இதுதான்.

என் முள் மீட்டர் ஏன் ஏமாற்றியது என்பதையும் இதே எண்கள் சொல்லிவிடுகின்றன. ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் என்ற அளவில் செய்த மீட்டர், 2.5 வோல்ட் அளவையில் வெறும் 50 கிலோ ஓம். அதைக் கிரிட்டில் வைத்தவுடன் கசிந்து வந்த 3 மைக்ரோ ஆம்பியரும் மீட்டர் வழியாகத் தரைக்கு ஓடிவிட்டது, மிஞ்சியது 0.15 வோல்ட். அதாவது நான் அளந்த அந்தக் கணத்தில் மட்டும் பழுது நீங்கியிருந்தது. அப்போது பிளேட்டில் இன்னொரு மீட்டர் இருந்திருந்தால் 77-இலிருந்து 190-ஐ நோக்கித் தாவியதைப் பார்த்திருப்பேன். இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சீரமைப்பு

முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பலகையைக் கழுவிப் பார்த்தேன். பற்றவைத்த இடங்களில் தங்கியிருந்த பிசின் போனது; 14 வோல்ட் 9 ஆனது, அவ்வளவுதான். ஈரம் பரப்பில் இல்லை, நாருக்குள் இருந்தது. பலகையைச் சூட்டில் உலர்த்தி மேலே வார்னிஷ் பூசுவது ஒரு வழி. ஆனால் உள்ளே மிஞ்சும் ஈரத்தைப் பூட்டி வைப்பதாகவும் அது முடியக்கூடும். முழுப் பலகையையும் மாற்றுவது முறையான வழி, இரண்டு வார இறுதிகள் ஆகும். நான் நடுவழியைத் தேர்ந்தேன்.

இந்த ஆம்பில் 100 மெகா ஓம் கசிவு எல்லா இடத்திலும் தீங்கு செய்வதில்லை. 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டரின் பக்கத்தில் அது காதில் விழவே விழாது. 1 மெகா ஓமும் அதற்கு மேலும் உள்ள கிரிட் முனைகளில்தான் வலிக்கும். ஆகவே ஆசிலேட்டரின் ஏணியையும் கிரிட் ரெசிஸ்டரையும் மட்டும் ஃபைபர் பலகையிலிருந்து பெயர்த்து, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ஜி10 கண்ணாடி இழைப் பலகைத் துண்டு ஒன்றில் பத்துக் கம்பங்கள் (பாகங்களைப் பற்றவைக்கும் சிறு உலோக முளைகள்) அடித்து மாற்றினேன். கிரிட் கம்பத்துக்கும் உயர் வோல்ட் கம்பத்துக்கும் நடுவில் தரையோடு இணைத்த கம்பம் ஒன்றை வேலியாக நிறுத்தினேன்; என்றைக்காவது பலகையில் அழுக்குப் படிந்து கசிந்தாலும் கசிவு கிரிட்டை எட்டுமுன் தரைக்குப் போய்விடும். பழைய ஏற்பாட்டில் இவ்விரண்டும் அடுத்தடுத்த ஐலெட்டுகள். வரைபடத்தில் நேர்த்தியாகத் தெரிந்ததால் அப்படி வைத்தவன் நான்தான்.

மறுபடியும் ஒரு மழை இரவு சன்னலருகே. காலையில் கிரிட்டில் 0.02 வோல்ட்; போட்ட அரை நிமிடத்தில், வால்வு சூடேறியவுடன், ஆட்டம்.

ஆனால் புதிதாக ஒரு தொல்லை வந்தது. வாசிக்காமல் இருக்கும்போது ஒலிபெருக்கியில் ஆட்டத்தின் வேகத்திலேயே மெல்லிய “டிக், டிக்”. நியான் சட்டென்று பற்றும்போது அதன் கம்பியில் வோல்ட் செங்குத்தாகத் தாவுகிறது; அந்தத் தாவல் பக்கத்தில் ஓடும் ஒலிக் கம்பிக்குத் தொற்றிக்கொள்கிறது. நான் புதிய பலகைக்குக் கம்பி இழுத்தபோது நியான் கம்பியை ஒலிக் குமிழின் கம்பியோடு ஒரு விரல் நீளத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்தேன். பிரித்து, சேசிஸின் சுவரை ஒட்டி ஓட்டினேன்; பெரும்பகுதி போயிற்று. மிச்சம் இருந்ததை நியானோடு சேர்ந்திருக்கும் 10 மெகா ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுத் தாவலின் விளிம்பை மழுக்கி அடக்கினேன். இந்த வகை ஆம்புகளில் வெகுகாலமாகக் கையாளப்படும் வழி அது.

“அப்போ உண்மையான வைப்ரேட்டோ?”

ஆம்பை எடுக்க வந்தவனிடம் பெயர்க் குழப்பத்தைச் சொன்னபோது, “அப்போ உண்மையான வைப்ரேட்டோ போட முடியுமா மாமா?” என்று கேட்டான். கேள்வி நியாயமானது. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் கேலாங்கின் ஹேப்பி வேர்ல்டில் வாசித்துவிட்டுப் போன பிறகு இந்த ஊரில் கிட்டார் குழுக்கள் பெருகின. ஷேடோஸ் பயன்படுத்திய வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 ஆம்பில் வைப்ரேட்டோ, ட்ரெமோலோ இரண்டையும் ஒரு சுவிட்சால் தெரிவுசெய்யலாம். அமெரிக்காவில் மேக்னடோன், வோல்ட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் வேரிஸ்டர்களைக் கொண்டு உண்மையான சுருதி ஆட்டத்தைத் தந்தது; பட்டி ஹோலி அதன் கஸ்டம் 280-ஐப் பயன்படுத்தினார்.

தத்துவம் சிக்கலானதல்ல. ஒலியின் அளவை மாற்றாமல் கட்டத்தை (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடத்தை) மட்டும் தள்ளும் சுற்று ஒன்றைக் கட்டி, அந்தத் தள்ளலை ஆசிலேட்டரால் ஆட்டினால், கட்டம் மாறிக்கொண்டிருக்கும் வேகமே சுருதி மாற்றமாகக் காதில் விழும். கட்டம் 90 பாகை முன்னும் 90 பாகை பின்னும் நொடிக்கு 5 முறை ஆடினால், உச்ச விலகல் 5-ஐ 1.57-ஆல் பெருக்கியது, ஏறத்தாழ 7.9 ஹெர்ட்ஸ். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் அது அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 880-இல் அதிலும் பாதி. விரலால் தந்தியை அசைக்கும்போது விலகல் சுரத்தின் விகிதத்திலேயே அமைகிறது, இங்கே ஹெர்ட்ஸ் கணக்கில் அமைகிறது. இந்த ஆம்ப்களின் ஆட்டம் கம்பிதம்போல் ஒலிக்காமல் நீரில் மிதப்பதுபோல் ஒலிப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் கருத்து. மேலும் ஒற்றைப் படி தன் நடு அதிர்வெண்ணை ஒட்டித்தான் நன்றாகத் தள்ளும். கிட்டாரின் முழு எல்லைக்கும் படிகள் கூட வேண்டும், வால்வுகளும் கூட வேண்டும். ஃபெண்டரின் 1960-63 பழுப்பு ஆம்ப்கள் சிலவற்றில் இடைப்பட்ட வழி ஒன்று இருந்தது: ஒலியைத் தடித்தது (தாழ்ந்த அதிர்வெண்), மெல்லியது (உயர்ந்த அதிர்வெண்) என இரண்டாகப் பிரித்து, ஒன்று ஏற மற்றது இறங்கும்படி ஆட்டுவார்கள்; சுருதி அசைவது போன்ற மயக்கம் வரும். இந்தச் சேசிஸில் அதற்கும் இடமில்லை.

அவன் யோசித்துவிட்டு, இருப்பதே போதும் என்றான். ஆம்பைச் சன்னலுக்குக் கீழே வைக்காதே என்று மட்டும் சொல்லியனுப்பினேன். சனவரி முழுவதும் மழை நாளில் போட்டுப் பார்த்துக் குறிப்பு அனுப்பினான். ஒரு நாளும் நிற்கவில்லை. வேகக் குமிழை 9-க்கு மேல் திருப்பினால் முதல் ஓரிரு நிமிடம் ஆட்டம் பிடிக்கத் தயங்குகிறதாம். அந்த முனையின் 47-ம் பிளேட் மீது விழும் பாரமும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. கூடுதலாகப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 ஒன்று என் பெட்டியில் கிடைத்தால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு வேகத்தில் அவன் எந்தப் பாட்டையும் வாசிப்பதில்லை.